லத்தீன் துரை கன்னத்தில் ஒளித்த குழந்தை

நடுமுற்றத்தைச் சுற்றி வாடகை அறைகள் கொண்ட எங்கள் முற்றத்துக்கு உபால்தோ குடிவந்த அன்று ஒரு பெட்டி நிறையத் துணியும் இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகமும் கொண்டுவந்தான். பெட்டிகளை வாசலில் போட்டுவிட்டு, ஒரு தடி அகராதியை மட்டும் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். புத்தாண்டு கழிந்து ஊரே தூக்கக் கலக்கத்தில் இருந்த காலை அது. வீட்டுக்கார அம்மா தோன்யா சொய்லா துடைப்பத்தோடு வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜாமீன் யாரு தம்பி?"

மெக்சிகோ நகரத்தில் அறை வேண்டுமானால், இதே நகரத்தில் சொந்த வீடு உள்ள ஒருவர் நமக்காக ஜாமீன் நிற்க வேண்டும். உபால்தோவுக்கு இந்த ஊரில் தெரிந்த ஒரே மனிதர், பஸ் நிலையத்தில் அவனுக்கு வழி சொன்ன போலீஸ்காரர்.

"ஜாமீன் இல்லம்மா. ஆனா பல்கலைக்கழகத்துல மேற்படிப்புக்கு எடம் கெடச்சிருக்கு. லத்தீன்."

"அப்ப சாமியாராகப் போறியா?"

"இல்லம்மா."

"வக்கீலா?"

"இல்ல. லத்தீன்தான். லத்தீனுக்காகவே லத்தீன்."

"அதப் படிச்சிட்டு யாரோட பேசுவ?"

"அத யாரும் பேசறதில்லம்மா."

தோன்யா சொய்லா அவனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஆம்புலன்ஸில் ஏற்றப்படுகிறவரைப் பார்க்கும் பார்வை அது. நான் கசில்தா. வாசலை ஒட்டிய முதல் அறையில் உட்கார்ந்து குழந்தை இயேசு சுரூபங்களுக்கு உடை தைக்கிறேன். அதனால் இந்த முற்றத்துக்குள் நுழைகிற எவரும் என் கண்ணில் படாமல் போக முடியாது. பல பேருக்கு அது பிடிப்பதில்லை.

சொய்லா அம்மாவுக்கு இளகிய மனசு. ஆனால் புத்தி இளகாது. "மெழுகுதிரித் திருநாள் வரைக்கும் இரு. அன்னிக்கு முற்றமே கூடி உக்காந்து தமால் சாப்பிடும். அப்ப கேப்பேன். ரெண்டு பேர் வேணாம்னா பெட்டியத் தூக்கிடணும். இவங்கதான் உனக்கு ஜாமீன்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். மெழுகுதிரித் திருநாள் பிப்ரவரி இரண்டாம் தேதி; தமால் என்பது சோளமாவைச் சோளத் தோகையில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் எங்கள் ஊர்க் கொழுக்கட்டை. அவன் கண்கலங்கி நன்றி சொன்னான். ஃப்ரெஸ்னியோ ஊரில் அவன் அப்பாவுக்குப் பஞ்சர் கடையாம். லத்தீன் படிக்கப் போகிறேன் என்றதும் அவர் சிரித்துவிட்டு, "போயிட்டு வா. டயர் நெம்புற கம்பி இதே ஆணியிலதான் தொங்கும்" என்று வழியனுப்பினாராம். இந்த அறை போனால் அவனுக்கு அந்தக் கம்பிதான் கதி. கேட்டபோது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவம் அந்த வாரத்தைக்கூடத் தாண்டவில்லை.

எங்கள் முற்றத்தில் எழுதி வைக்காத சட்டங்கள் சில உண்டு. குறுக்கே நடந்தால் அங்கே இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அவர் ஜென்ம விரோதியாகவே இருந்தாலும், "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லாமல் கடக்கக் கூடாது. துணி துவைக்கும் தொட்டிகளில் அவரவருக்கு அவரவர் தொட்டி. இவ்வளவுதான். பன்றிக்குட்டிகூடக் கற்றுக்கொண்டுவிடும்.

உபால்தோ கற்றுக்கொள்ளவில்லை. காலையில் உதட்டை மட்டும் அசைத்து வினைச்சொற்களை உருப்போட்டுக்கொண்டே எங்கள் நடுவில் நடந்து போவான். நாங்கள் தட்டும் கையுமாக உட்கார்ந்திருப்போம். அவன் கண்ணுக்கு நாங்கள் வெறும் தூண்கள். ஆனால் தூண்களைப் பற்றிப் பேசச் சொன்னால் மணிக்கணக்கில் பேசுவான். எங்கள் முற்றத்துக்கு ரோமாபுரி வீட்டு முற்றத்தின் பெயரைச் சூட்டினான். மழைநீர் வழிந்து பாசி பிடித்த மூலைக்கும் ஒரு பெயர் வைத்தான். குழாயடியில் லத்தீனில் ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டினான். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று அர்த்தமாம். அது யாருக்குப் புரிந்தது? எல்லோரும் நிம்மதியாக வீணாக்கினோம். அவனே தன் சட்டைகளைக் கொண்டுபோய் எவரிஸ்தோவின் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டு இரண்டு நாள் மறந்துவிட்டான்.

எவரிஸ்தோ மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தத் தொட்டி அவருக்குச் சிம்மாசனம். ஊறிப்போன சட்டைகளைக் குச்சியால் தூக்கிக் காட்டி, "யாருடா இந்த லத்தீன் துரை? ரோமாபுரியில சோப்பு கெடையாதா?" என்று முற்றம் அதிரக் கத்தினார். பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவன் லத்தீன் துரைதான்.

என் அறைக்கும் ஒருநாள் வந்தான். சனவரி எனக்குத் தலைபோகிற மாதம். மெழுகுதிரித் திருநாளுக்கு முன்னால் ஊரில் உள்ள குழந்தை இயேசுக்களுக்கெல்லாம் புது உடுப்பு வேண்டும். ஒருத்திக்கு டாக்டர் கோட்டு, ஒருத்திக்கு இறகு வைத்த தேவதூதர் உடை, கால்பந்துச் சட்டை கேட்டு மட்டும் ஒரு கூட்டம். அலமாரி முழுக்க அம்மணக் குழந்தைகள் கைநீட்டிக் காத்திருந்தன. லத்தீன் துரை அவற்றைப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் பொருத்தமா ரோமாபுரி அங்கி தைக்கலாமே அக்கா. வரலாற்றுப்படி அதான் சரி" என்றான்.

"ஒரு தோள் மூடாது. குழந்தைக்கு சளி பிடிக்கும்" என்று அனுப்பிவிட்டேன்.

சனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தது. அன்று சாயங்காலம் முற்றத்தில் நீள மேசை போட்டு, வளைய ரொட்டியை வைத்து, அவரவர் துண்டை அவரவரே வெட்ட வேண்டும். உள்ளே குழந்தை இயேசுவாகச் சின்னச் சின்னப் பொம்மைகள் ஒளிந்திருக்கும். யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர் மெழுகுதிரித் திருநாளன்று எல்லோருக்கும் தமால் போட வேண்டும். எங்கள் ரொட்டியில் மூன்று பொம்மைகள். முதலாவது எவரிஸ்தோவுக்கு வந்தது. முதல் பொம்மை கிடைத்தவர்தான் முற்றத்துக் குழந்தை இயேசு சுரூபத்துக்கு ஞானத்தகப்பன்; அந்தப் பெருமையில் அவர் மீசையைத் தடவிக்கொண்டார். இரண்டாவது எனக்கு. மூன்றாவது பாக்கி.

உபால்தோவும் அழைக்கப்பட்டிருந்தான். பழுப்பு நிறக் கோட்டு போட்டு வந்து, பெரிய துண்டாக வெட்டிக்கொண்டு, வாயில் போட்ட கையோடு பாடத்தைத் தொடங்கினான்.

"இதெல்லாம் நம்மளோடதுன்னு நெனச்சிட்டிருக்கோம். ஆனா இது ரோமர்களோட வழக்கம். குளிர்கால விழாவுல ரொட்டிக்குள்ள ஒரு அவரைக்கொட்டையை ஒளிச்சு வப்பாங்க. அது யாருக்குக் கெடைக்குதோ அவரத்தான் அன்னிக்கு..."

அங்கே நின்றுபோனான். ரோமர்கள் நட்டாற்றில் நின்றார்கள்.

"அவரத்தான்?" என்றார் எவரிஸ்தோ.

"ம்" என்றான் உபால்தோ.

"என்ன துரை, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டாள் தொமாசா. விடிவதற்கு முன்னால் மூன்று சக்கர வண்டியில் ஆவி பறக்கும் பானையை ஏற்றிக்கொண்டு மெட்ரோ படிக்கட்டில் தமால் விற்கிறவள் அவள். குரலும் ஆளும் பானைக்கு ஏற்ற அளவு.

அவன் தலையை ஆட்டினான். இடது கன்னம் சின்னதாகப் புடைத்திருந்தது. முகத்தில் அப்பட்டமான திருட்டு முழி. நாள் முழுக்க ஊசிக் காதில் நூல் கோக்கிறவள் நான். ஒரு கன்னம் புடைப்பது தெரியாதா? தலைவலி என்று நெற்றியைத் தொட்டுக் காட்டிவிட்டு, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அறைக்கு ஓடினான். எங்கள் முற்றத்துக்கு வந்த நாளிலிருந்து அவன் தொடங்கிய பாடத்தை நிறுத்தியது அந்த ஒரு தடவைதான்.

ரொட்டி காலியானது. மூன்றாவது பொம்மை வரவே இல்லை. தொமாசா ரொட்டிக்கடைக்குப் போய்ச் சண்டை போட்டாள். மூன்று வைத்தது தன் அம்மா மேல் சத்தியம் என்றார் கடைக்காரர். மறுநாள் துவைக்கும் தொட்டியடியில் நான் பார்த்ததைச் சொன்னேன். தமால் போடப் பயந்து பொம்மையை விழுங்குகிறவர்கள் எங்கள் ஊரில் புதிதில்லை. எவரிஸ்தோவே ஒரு வருஷம் விழுங்கியிருக்கிறார். ஆனால் அவர் சாயங்காலத்துக்குள் ஒத்துக்கொண்டார். இவனோ கமுக்கமாக இருந்தான்.

"கழுத்தப் பிடிச்சுக் கேட்டுருவோம்" என்றார் எவரிஸ்தோ.

"வேணாம்" என்றாள் தொமாசா. "தானா வந்து சொல்லட்டும். சொன்னா திருநாளன்னிக்கு அவனுக்காகத் தூக்குற முதல் கை என்னோடது. சொல்லலேன்னா அவன் பெட்டிய நானே மெட்ரோ வரைக்கும் தூக்கிட்டுப் போய் விடுறேன்."

அப்படியாக, முற்றம் முழுவதற்கும் தெரியும். தெரியும் என்பது அவனுக்கு மட்டும் தெரியாது. அதைவிடச் சுகமான சனவரி எங்களுக்கு வாய்த்ததில்லை. எவரிஸ்தோ தினமும் காலையில், "தம்பி, வயித்துல ஏதாச்சும் கனமா இருக்கா? எறங்காம நிக்குதா?" என்று விசாரிப்பார். தொமாசா ஒரு கசப்புக் கஷாயம் போட்டுக் கொடுப்பாள். அதைக் குடித்தவன் அரைநாள் கழிப்பறையை விட்டு நகர முடியாது. அவன் அதையும் வாங்கிக் குடித்துவிட்டு, "இந்த மக்கள் எவ்வளவு அன்பானவங்க அக்கா" என்று என்னிடமே வந்து சொன்னான். சிரிப்பை அடக்க நான் உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொள்ள வேண்டியதாயிற்று.

மாதக் கடைசியில் வகுப்பு தொடங்கியது. முந்தின நாள் அந்தப் பழுப்புக் கோட்டைக் கொண்டுவந்து பொத்தான் தைத்துத் தரச் சொன்னான். அவனிடம் இருந்த நல்ல கோட்டு அது ஒன்றுதான். நான் தைக்கிற நேரத்தில், மறுநாள் வகுப்பில் லத்தீனிலேயே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளப் போகும் உரையை என் குழந்தை இயேசுக்கள் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தான். இரிகோயன் என்ற பேராசிரியை அந்த வகுப்பை நடத்துகிறாராம். பயங்கரமான மனுஷியாம். அவர் வாயிலிருந்து ஒரு பாராட்டு வந்துவிட்டால் இந்த ஜென்மம் கடைத்தேறிவிடுமாம்.

அவன் கண்ணை மூடிக் கையை ஆட்டி முழங்கிக்கொண்டிருந்தபோது, என் விரலுக்குக் கோட்டின் உள்பையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். சுத்தமான கைக்குட்டையில் பத்திரமாகப் பொதிந்து, எங்கள் மூன்றாவது பொம்மை.

அப்போதுதான் எனக்கு அவன் புரிந்தான். அவரைக்கொட்டை என்று வாய்கிழியப் பேசியவனுக்கு அதைக் குப்பையில் போடக் கை வரவில்லை. குழந்தை இயேசு அல்லவா? ஃப்ரெஸ்னியோ பஞ்சர் கடைக்காரர் மகனுக்கு ரோமாபுரி எல்லாம் கழுத்துக்கு மேலேதான். எனக்குக் கோபமும் வந்தது, கொஞ்சம் பிடித்தும் போனது. கைக்குட்டையை உள்பையிலேயே வைத்தேன். பொம்மையை எடுத்து மேல்பையில், மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் சொருகினேன். படிக்கக் கண்ணாடியை எடுக்கும்போதெல்லாம் விரலில் இடறட்டும், கொஞ்சம் உறுத்தட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் எனக்கு ஒரு திட்டமும் இல்லை.

மறுநாள் நடந்ததை அவனே பின்னால் எங்களுக்குச் சொன்னான். நீள மேசையைச் சுற்றி மாணவர்கள். மேசையின் தலைப்பக்கத்தில் இரிகோயன். அவன் முறை வந்ததும் எழுந்தான். தொண்டையைச் செருமினான். கம்பீரமாக மேல்பையிலிருந்து கண்ணாடியை உருவினான். கூடவே பொம்மையும் துள்ளி வந்து, மேசையில் விழுந்து உருண்டு, நேராகப் பேராசிரியை முன்னால் போய் மல்லாந்து கிடந்தது.

இரிகோயன் அதை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"யார் வீட்டு ரொட்டி?"

"எங்க முற்றத்துல மேடம். உண்மையில இது ரோமர்களோட அவரைக்கொட்டை வழக்கத்துலேருந்து..."

"தெரியும். அதப் பத்தி முப்பது வருஷமா எழுதிட்டிருக்கேன். நான் அதக் கேக்கல. தமால் எங்க?"



"இன்னும் மெழுகுதிரித் திருநாள் வரலியே மேடம்."

"அடுத்த வகுப்பு அன்னிக்குத்தான். பொம்மை இந்த மேசையிலயும் பொறந்திருக்கு. அதனால எங்களுக்கும் ஒரு பானை. பச்சை மிளகாய் வச்சது பாதி, இனிப்பு கொஞ்சம். ஒக்காருங்க."

"மேடம், என்னோட லத்தீன் உரை..."

"லத்தீன் எப்பவோ ஆறிப்போச்சு, அது காத்திருக்கும். தமாலச் சூடாக் கொண்டு வாங்க."

மேசையைத் தட்டி எல்லோரும் சிரித்தார்களாம். பாராட்டு வாங்கப் போனவனுக்கு வந்து சேர்ந்தது பானை.

அதன் பிறகு இரண்டு நாள் அவன் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! மெழுகுதிரித் திருநாளுக்குத் தமால் வேண்டுமென்றால் ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாளே சொல்லி வைக்க வேண்டும். சந்தையில் கேட்டான், தேவாலய வாசலில் கேட்டான், பக்கத்துப் பேட்டை வரைக்கும் போய்க் கேட்டான். "இப்பவா வந்து கேக்குற?" என்று எல்லோரும் சிரித்து அனுப்பினார்கள். மிச்சம் இருந்தது தொமாசா ஒருத்திதான். அவளோ எங்கள் எல்லோர் நடுவிலும் தொட்டியடியில் உட்கார்ந்து சோளத் தோகை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு பானை தமால் வேணும்."

"யாருக்கு?"

"வகுப்புல... கேட்டாங்க."

"நீ எதுக்குப் போடணும்?"

"அது வந்து... பொம்மை எனக்கு வந்துச்சு."

"அட! பல்கலைக்கழகத்துலயும் ரொட்டி வெட்டினாங்களா?"

நாங்கள் எல்லோரும் கையில் இருந்த துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டோம். ஆமாம் என்று ஒரு பொய் அவன் நாக்கு நுனி வரை வந்ததை நான் பார்த்தேன். எவரிஸ்தோ தன் சட்டைப் பையிலிருந்து தன் பொம்மையை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்தார். நானும் என்னுடையதை வைத்தேன். ஒரே அச்சில் வார்த்த இரண்டு குழந்தைகள். உபால்தோ மேல்பையில் கைவிட்டு மூன்றாவதை எடுத்து வரிசையில் வைத்தான்.

"நான்தான் ஒளிச்சேன். அன்னிக்குக் கையில காசு ஒண்ணும் இல்ல. கடன் கேக்க வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சிருங்க."

"தெரியும்" என்றாள் தொமாசா.

"எப்பலேருந்து?"

"ரோமர்கள் நின்னுபோனாங்களே, அப்பலேருந்து."

"அப்ப... அந்தக் கஷாயம்?"

"வயித்துல இருந்தா வயித்து வழியா வரட்டும், மனசுல இருந்தா வாய் வழியா வரட்டும்னுதான்."

முற்றமே சிரித்தது. அவனும் அசடு வழியச் சிரித்தான். தொமாசா சிரிக்கவில்லை. "என் கையில வேலை கழுத்து வரைக்கும் இருக்கு. உனக்காக ஒரே ஒரு பானைதான் முடியும். மாவு நீதான் பிசையணும். அத எந்த மேசைக்குக் கொண்டு போறதுன்னு நீயே முடிவு பண்ணிக்க" என்றாள்.

பிசைந்தான். பன்றிக்கொழுப்பும் சோளமாவும் முழங்கை வரை ஒட்டிக்கொள்ள, மூச்சு வாங்க, திருநாளுக்கு முந்தின நாள் முழுக்க நின்று பிசைந்தான். மாவில் ஒரு துளி கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அவனுடையது கல்லாக மூழ்கிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் ஒருவழியாக மிதந்தபோது, பட்டமே வாங்கிவிட்டவன் போலக் கத்தினான்.

திருநாளன்று மதியம், ஆவி பறக்கும் பானையைத் துணியால் கட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தான். நாங்கள் மேசை போட்டுக்கொண்டிருந்தோம். எவரிஸ்தோவின் ஏற்பாட்டில் முற்றத்துக் குழந்தை இயேசு டிராலிபஸ் ஓட்டுநர் சீருடையில், தொப்பியோடு, நடுவில் வீற்றிருந்தார்.

"தம்பி, ஆறு மணிக்குக் கேள்வி" என்றார் சொய்லா அம்மா.

"தெரியும்மா. போயிட்டு ஓடி வந்துடறேன்."

"வெறும் பானையோடவா?" என்றார் எவரிஸ்தோ.

அவன் வாசலில் நின்றான். போய்விடுவான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் திரும்பி வரமாட்டானா என்று ஒரு நப்பாசை. "அந்த மேடம் முன்னாடி என்னால வெறுங்கையோட நிக்க முடியாதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் முன்னால் நிற்கலாம் போலிருக்கிறது. எனக்கு வயிறெரிந்தது. ஒரு மாதம் கஷாயம் கொடுத்ததும், பொத்தான் தைத்ததும், மாவு பிசையச் சொல்லிக் கொடுத்ததும் எதற்கு? எங்கள் ரொட்டியில் வந்த குழந்தையை எங்கள் கண்ணெதிரே ஊரான் மேசைக்குத் தூக்கிக்கொண்டு போகிறான்.

ஆறு மணிக்கு சொய்லா அம்மா கேட்டார். முதல் கை தருவதாகச் சொன்ன தொமாசாவே, பானை போன கோபத்தில், வேண்டாம் என்றாள். எவரிஸ்தோ வேண்டாம் என்றார். இரண்டு பேர் போதும். ஆனாலும் நானும் வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னேன். சொய்லா அம்மா போய், அவன் துணிப்பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு வந்தார். எவரிஸ்தோவின் பங்கும் என் பங்குமாக மேசையில் தமால் நிறைய இருந்தது. ஏனோ யாரும் வேகமாகச் சாப்பிடவில்லை.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. முதலில் பானை வந்தது. பிறகு அதைச் சுமந்துகொண்டு உபால்தோ. அவன் பின்னால் நாலைந்து மாணவர்கள். கடைசியாக நரைத்த தலையும் கைத்தடியுமாகக் குள்ளமாக ஒரு அம்மா. பானையைக் கட்டிய துணி அவிழ்க்கப்படவே இல்லை.

"நான் இரிகோயன்" என்றார் அந்த அம்மா. "முற்றத்துக்கு எதக் குடுத்தீங்கன்னு இவர்கிட்ட கேட்டேன். இந்தப் பானை ஒண்ணுதான்னு சொன்னார். எங்களுக்குப் போடச் சொன்னது வெளையாட்டு. உங்களுக்குப் போடவேண்டியது வெளையாட்டில்ல. இத எப்படித் தின்னுட்டு நான் நிம்மதியாத் தூங்குறது? அதான் திருப்பிக் கொண்டுவந்தோம். மெட்ரோவுல ஒருத்தர்கூட எடம் குடுக்கல. ஆனா எல்லாரும் மோந்து பாத்தாங்க."

"ஒக்காருங்கம்மா. சூடு ஆறிடப் போவுது" என்றார் சொய்லா அம்மா. வந்தவரைச் சாப்பிடவிடாமல் அனுப்புகிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

எல்லோரும் சாப்பிட்டார்கள். பேராசிரியை மூன்று தமால் சாப்பிட்டார். ஒரு மாணவி சீருடை போட்ட குழந்தை இயேசுவைப் படம் எடுத்துக்கொண்டாள். உபால்தோ மட்டும் உட்காரவில்லை. வாசலில் இருந்த பெட்டியை வந்ததுமே பார்த்துவிட்டான். இரிகோயனும் பார்த்தார்.

"இவருக்கு ஜாமீன்தான் பிரச்சினைன்னா, எனக்கு இந்த ஊர்ல சொந்த வீடு இருக்கு" என்றார்.

"இவனை எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?" என்றார் சொய்லா அம்மா.

"ரெண்டு வகுப்பு."

"எங்களுக்கு ஒரு மாசமாத் தெரியும்."

இரிகோயன் கையிலிருந்த சோளத் தோகையை மடித்துத் தட்டில் வைத்தார். உபால்தோவைப் பார்த்தார். தொமாசாவைப் பார்த்தார். "அப்படின்னா நான் கையெழுத்துப் போடல. அத முடிவு பண்ண வேண்டியவங்க நீங்கதான்" என்றார். அவன் முகம் செத்துப்போயிற்று. பயங்கரமான மனுஷி என்று அவன் சொன்னது பொய்யில்லை.

உபால்தோ போய்ப் பெட்டியை எடுத்தான். அகராதியையும் புத்தகங்களையும் மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாக மெல்லச் சொன்னான். பேசாமல் அப்படியே போயிருக்கலாம், வாசல் அவன் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் பெட்டியோடு மேசையின் கடைசி முனைக்கு வந்து, ஒவ்வொருவர் முன்னாலும் நின்றான்.

"எவரிஸ்தோ அண்ணே, நல்லா சாப்பிடுங்க. சொய்லா அம்மா, நல்லா சாப்பிடுங்க. கசில்தா அக்கா, நல்லா சாப்பிடுங்க."

லத்தீன் இல்லை, ரோமர்கள் இல்லை. ஒரு மாதமாக எங்களைத் தூண்களாகப் பார்த்துக் கடந்தவன் எங்கள் பெயரைத் தெரிந்து வைத்திருந்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பழக்கதோஷத்தில் நாங்கள் ஒவ்வொருவரும் வாயில் மாவோடு நன்றி சொன்னோம். நான் குனிந்து அடுத்த தமாலின் தோகையை உரித்தேன்.

கடைசியாகத் தொமாசா. "தொமாசா அக்கா, நல்லா சாப்பிடுங்க" என்றான். அவள் நன்றி சொல்லவில்லை. பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் பிடித்திருந்த மாவைக் கரண்டியால் சுரண்டிப் பார்த்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள். "பானைய யாரு கழுவுறது?"

அவன் சொய்லா அம்மாவைப் பார்த்தான். அவர் எவரிஸ்தோவைப் பார்த்தார். எவரிஸ்தோ குழந்தை இயேசுவின் தொப்பியைச் சரிசெய்வதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மறுப்பு எதுவும் வரவில்லை.

உபால்தோ பெட்டியைக் கீழே வைத்தான். கோட்டைக் கழற்றி அதன் மேல் போட்டான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பெரிய பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, விறுவிறுவென்று துவைக்கும் தொட்டிகளுக்குப் போனான். போய், குழாயைத் திறந்து, தானே ஒட்டிய அந்த லத்தீன் அறிவிப்புக்குக் கீழே தண்ணீரை ஆறாக ஓடவிட்டு, பன்றிக்கொழுப்பு மிதக்கும் பானையை நேராக எவரிஸ்தோவின் தொட்டியில் இறக்கினான்.